வர வேண்டிய ஓட்டை

தீப்பொறி பறக்காமல் இரண்டு உலோகம் ஒன்றாக ஒட்டாது என்று நான் நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை, கோயில் கட்டிக் கும்பிடாத குறையாக நம்பினேன். வெல்டிங் என்றால் கண் கூச வேண்டும். புகை வர வேண்டும். சட்டையில் நாலு பொத்தலாவது விழ வேண்டும். வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி "இன்னைக்கும் ஒரு சட்டையா?" என்று கேட்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ஒருவன் வெல்டிங் செய்தேன் என்றால், அவன் எங்கேயோ மூலையில் படுத்துத் தூங்கியிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

ஆகவே, உரசிக் கடைந்து ஒட்டுகிற அந்த மெஷினுக்கு முன்னால் முதல் நாள் நான் நின்ற கோலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முகத்தில் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடி, நெஞ்சுக்குத் தோல் ஏப்ரன், முழங்கை வரைக்கும் தோல் கையுறை. சுற்றி நின்றவர்களிடம், "யாரும் பாக்காதீங்க, கண்ணு போயிரும்" என்று எச்சரிக்கை வேறு. மெஷின் ஓடத் தொடங்கியது. முகமூடிக்குள் கும்மிருட்டு. வெளிச்சம் வரும் வரும் என்று காத்திருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள்.

"முடிஞ்சிருச்சுண்ணே. வெளிய வாங்க" என்றான் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த முத்துவேல்.

முகமூடியைக் கழற்றினேன். இரண்டு அலுமினியத் தகடுகள் ஒரே தகடாகப் படுத்திருந்தன. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளிக் கோடு. அதில் பிறை பிறையாக வரிகள், மாவில் சீப்பை இழுத்த மாதிரி. கோட்டின் கடைசியில் ஓர் ஓட்டை.

ஓட்டையைப் பார்த்ததும் 'போச்சு' என்று நினைத்தேன். முதல் நாள், முதல் தகடு, துளை போட்டுவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டை மேல் கையுறையை வைத்து, கையுறை மேல் கையை வைத்து, கை மேல் உடம்பைச் சாய்த்து, ரொம்ப சாவகாசமாக நிற்கிறவன் மாதிரி நின்றேன். எங்கள் இஞ்சினியர் நதீஷா மிஸ் நேராக என்னிடம் வந்தார்.

"கனகராஜ் அண்ணா, தயவுசெய்து தங்கள் கையை எடுங்கள்."

எடுத்தேன். "ஒரு சின்ன ஓட்டை மிஸ்... எப்படியோ..."

"அது வர வேண்டிய ஓட்டை" என்றார் மிஸ்.

அன்றைக்கு மத்தியானம் என் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்த முத்துவேல், "அண்ணே, இதுவும் வர வேண்டிய ஓட்டைதானா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்பது எனக்குக் கொடுத்த பரிசா, என் மனைவி செல்விக்குக் கொடுத்த தண்டனையா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. இந்த நேரத்தில் நான் வேலை செய்த கொட்டகலைப் பட்டறைப் பிள்ளைகள் போன் பண்ணினார்கள். நாங்கள் கடைந்து ஒட்டிய அந்தப் பழைய மில்லிங் மெஷினைக் கழற்றிவிட்டு, கணினியில் ஓடுகிற புதியது ஒன்றை வைக்கப்போகிறார்களாம். அதற்கு ஒரு சின்ன விழாவாம், ஒரு மலராம். "படகுக் கதைய நீங்களே எழுதிருங்கண்ணே. முத்துவேல் அண்ணன் சொன்னா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது" என்றார்கள். முத்துவேல் சொல்லும் கதையில் நான் நீந்திக் கரை சேர்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் தொழில் படித்ததைச் சொல்ல ஒரு பத்தி போதும். பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. ஹட்டனில் ஒரு கராஜில் காஸ் வெல்டிங் படித்தேன். கட்டாரில் போய் இரண்டு வருஷம் இரும்புக் குழாய்களோடு குடும்பம் நடத்தினேன். திரும்பி வந்து, தேயிலை ஃபெக்டரிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கும் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். கொழுந்து பரப்புகிற தட்டு, தூள் அள்ளுகிற பெட்டி, லொறிக்குப் பின்பெட்டி, எல்லாம் செய்வோம். அதில் மெல்லிய அலுமினியத் தகடு என்றால் எல்லாருக்கும் தலைவலி. சூடு கொஞ்சம் கூடினால் அப்பளம் மாதிரி வளையும், இன்னும் கொஞ்சம் கூடினால் உருகி ஒழுகிவிடும்.

இந்தத் தலைவலிக்கு மருந்தோடு வந்தவர்தான் நதீஷா மிஸ்.

மிஸ் என்னை விட வயதில் ரொம்பச் சின்னவர். மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பெண். அரசாங்கம் நடத்திய வகுப்பில் தமிழ் படித்தவர். அதனால் எங்கள் பட்டறையிலேயே சுத்தமான தமிழ் பேசியது அவர் ஒருவர்தான். நாங்கள் "அந்தச் சுத்தியல இங்குட்டுப் போடு" என்போம். மிஸ், "அந்தச் சுத்தியலைத் தந்து உதவுங்கள்" என்பார். முதல் மாதம் நாங்கள் சிரித்தோம். இரண்டாம் மாதம் நாங்களே ஒருவருக்கொருவர் சுத்தியலைத் தந்து உதவத் தொடங்கிவிட்டோம்.

அவர் கோபப்பட்டுக் கத்தி நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால் அவருடைய தமிழ் இன்னும் மரியாதையாகிவிடும். "தயவுசெய்து" என்று ஒரு தடவை சொன்னால் பிழை சின்னது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தடவை வந்தால் தகட்டைக் குப்பையில் போட வேண்டியதுதான். எல்லாவற்றையும் தாண்டிப் போனால்தான் சிங்களம் வரும். சிங்களம் வந்தால் முத்துவேல் கூரையில் ஏதோ பழுது பார்க்கப் போய்விடுவான்.

அவருக்கு இன்னொரு பழக்கம். மெஷின் ஓடும்போது பால் கலக்காத தன் பிளேன்டீ கிளாஸை மெஷினின் மேசை ஓரத்தில் வைப்பார். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார், தேத்தண்ணியைத்தான் பார்ப்பார். கிளாஸில் சின்ன வளையம் எழுந்தால் போதும், "எங்கேயோ ஒரு பிடி தளர்ந்திருக்கிறது" என்பார். தேடினால் ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கும். எனக்கென்றால் அந்தக் கிளாஸைக் கண்டாலே கை நடுங்கும். நடுங்கின கையால் மேசையைத் தொட்டால் தேத்தண்ணி ஆடும். அது ஆடினால் இன்னும் நடுங்கும். ஒரு நாள் மிஸ் சொன்னார்: "அண்ணா, இன்று தளர்ந்திருப்பது கிளாம்ப் அல்ல. தாங்கள் சற்று வெளியே சென்று வாருங்கள்."

வேலை இதுதான். இரண்டு தகடுகளை ஓரத்தோடு ஓரம் ஒட்ட வைப்போம், இடையில் காகிதம் கூட நுழையக் கூடாது. அடியில் கனத்த இரும்புப் பலகை. இரண்டு பக்கமும் கிளாம்ப், பல்வரிசை மாதிரி நெருக்கமாக. மேலே கடினமான உருக்கில் செய்த ஒரு முளை. அதன் நுனியில் குட்டையாக ஓர் ஊசி, ஊசிக்கு மேலே அகலமான தோள். நாங்கள் அதற்கு 'மத்து' என்று பேர் வைத்திருந்தோம். மத்து சுழன்றுகொண்டே தகடுகள் சேரும் கோட்டில் இறங்கும். ஊசி உள்ளே போகும், தோள் மேலே அழுத்தி உரசும். உரசுகிற சூட்டில் அலுமினியம் உருகாது, பிசைந்த மாவு மாதிரி இளகும். மேசை மெதுவாக நகரும். மத்து போன வழியெல்லாம் இந்தத் தகட்டு மாவும் அந்தத் தகட்டு மாவும் கலந்து இறுகிவிடும். கடைசியில் மத்தைத் தூக்கினால், ஊசி இருந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. அதுதான் வர வேண்டிய ஓட்டை. அதற்காகத் தகட்டின் முனையில் ஒரு துண்டை உபரியாக விடுவோம். ஓட்டை அதில் விழும், வெட்டி எறிந்துவிடுவோம்.

இதை வீட்டில் போய் விளக்கினேன். செல்வி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆக, கீரை கடையிறீங்க. நான் இத்தன வருஷமா கடையிறேன், எனக்கு யாரும் சம்பளம் குடுக்கலயே" என்றாள்.

மெல்லிய தகட்டில் ஒரு கண்டம் இருக்கிறது. ஊசி மயிரிழை கூட இறங்கினால் அடிப்பலகையில் போய் ஒட்டிக்கொள்ளும். மயிரிழை குறைந்தால் மேலே அழகாக வெள்ளிக்கோடு இருக்கும், அடியில் ஒட்டாத ஒரு கீற்று ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க மிஸ் ஒரு சோதனை வைத்தார். ஒட்டியதில் ஒரு நாடாத் துண்டை வெட்டி, வைஸ் இடுக்கியில் பிடித்து, அடிப்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடக்க வேண்டும். ஒட்டாத இடம் இருந்தால் தவளை வாய் மாதிரி பிளக்கும்.

முதல் வாரம் முழுக்கத் தவளைதான். நான் மடக்குவேன், அது வாயைத் திறக்கும். "கொர்ர்" என்பான் முத்துவேல். மிஸ் ஊசியின் நீளத்தைத் திருத்துவார். மறுபடி கடைவோம். பிறகு ஒரு நாள் மடக்கினேன், பிளக்கவில்லை. இன்னும் மடக்கினேன். இரண்டாக மடிந்து கை விரல் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் உள்ளுக்குள்ளே நம்பவில்லை. நெருப்பில் உருகி ஒன்றானால் அது கல்யாணம். இது சும்மா கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறது. யாராவது பலமாகத் தும்மினால் விட்டுவிடும் என்றுதான் என் எண்ணம். கொழுந்துத் தட்டுதானே, விட்டால் விடட்டும், கொழுந்துக்கு என்ன நீச்சலா தெரிய வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் படகு வந்தது.

எங்கள் வீடு மஸ்கெலியாவில், நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பக்கம். செல்வி வேலை செய்த பிள்ளைக் காம்பரா அந்தப் பக்கம். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. செல்வி அங்கே ஆயா. முன்பு ஒரு மரப்படகு இருந்தது. அது உளுத்துப்போய் நின்றதிலிருந்து அவளும் அக்கரையில் வேலைக்குப் போகிற மற்றப் பெண்களும் பஸ்ஸில் ஊரெல்லாம் சுற்றிப் போனார்கள். விடிவதற்கு முன்னால் கிளம்புவாள், இருட்டிய பிறகு வருவாள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சூரியனைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

தேயிலைத் தோட்டத்து மேனேஜர் துரை எங்கள் பட்டறைக்கு ஓர் அலுமினியப் படகு செய்யச் சொல்லி அனுப்பினார். அடிப்பாகம் தட்டை. மெல்லிய தகடுகளைக் குறுக்கே குறுக்கே சேர்த்து அடிப்பாகத்தைக் கடைந்து ஒட்டிவிடலாம் என்று மிஸ் முடிவு பண்ணினார். அந்தச் செய்தியைக் கேட்டபோது என் கையில் இருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. வலி மறுநாள்தான் தெரிந்தது.

"என்னங்க, படகு எப்ப வருது?" என்று செல்வி தினமும் கேட்டாள்.

"வரும் வரும். அவசரம் என்னா? பஸ்ஸுல போனா சீட்டு கெடைக்குது, ஜன்னல் காத்து கெடைக்குது..."

"எனக்கு சீட்டு கெடைச்சத நீங்க எப்ப பாத்தீங்க? நா ஒத்தக் கால்ல நின்னு போறேன். படகு யாரு செய்யிறா? நீங்களா, வேற யாருமா?"

"நாந்தான்."

"அப்பறம் என்னா?"

"அதான்."

அவள் எழுந்தாள். "ஒங்க கை வேலைய நீங்க நம்பாட்டிப் போங்க. நா நம்புறேன். மொத நாளு மொத ஆளா ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு புருஷனுக்கு இதைவிட நல்ல வார்த்தையும் கிடையாது, இதைவிடப் பயங்கரமான வார்த்தையும் கிடையாது. செல்விக்கும் நீச்சல் தெரியாது.

மிஸ்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். "மிஸ், அடியில ஒருக்கா சாதாரண வெல்டிங்கும் அடிச்சிருவோமா? ஒரு மனசு நிம்மதிக்கு."

"யாருடைய மனசு?"

"படகோட மனசு."

"படகு நிம்மதியாகத்தான் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு தகடாகச் சேர்த்துக்கொண்டே போனோம். சேர்ந்து முடிந்த பாகம் மெஷினுக்கு வெளியே நீண்டுகொண்டே வந்தது. அதை உருளைகள் மேல் தாங்கிக்கொண்டு முத்துவேலும் மற்றவர்களும் பல்லக்குத் தூக்குகிற மாதிரி நின்றார்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நாடா வெட்டி மடக்கினேன். மற்றவர்கள் ஒரு தடவை மடக்கினால் நான் உடையும் வரைக்கும் மடக்கினேன். உடைந்தது. ஆனால் கோட்டில் உடையவில்லை, பக்கத்துத் தகட்டில் உடைந்தது. நான் அதையும் நம்பவில்லை. தகடு சரியில்லையோ என்று நினைத்தேன்.

கடைசித் தகட்டில்தான் வில்லங்கம். பின்பக்கத்துக்கு வரவேண்டிய அந்தத் தகட்டை முத்துவேல் கனகச்சிதமாக, அளவு பிசகாமல் வெட்டியிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அளவு பிசகாமல் வெட்டியதுதான் பிழை. உபரித் துண்டு விடவில்லை. வேறு தகடும் இல்லை. இனி கடைந்தால் ஓட்டை படகிலேயே விழும்.

"முத்துவேல், தயவுசெய்து இதைத் தயவுசெய்து விளக்குங்கள்" என்றார் மிஸ். முத்துவேல் கூரையைப் பார்த்தான்.

மிஸ் பிளேன்டீயை எடுத்துக்கொண்டு தகட்டைச் சுற்றி நடந்தார். ஒரு மிடறு குடித்தார். பிறகு கேட்டார்: "படகில் மழைத் தண்ணீர் தேங்கினால் எப்படி வெளியேறும்?"

"பின்னால ஒரு தொளை போட்டு திருகுமூடி வைப்போம் மிஸ். கரையில ஏத்துனதும் தெறந்து விடுவாங்க."

"அந்தத் துளை எங்கே வரும்?"

காட்டினேன். அந்தக் கடைசிக் கோட்டின் நடுவில்.

மிஸ் சிரித்தார். ஒரு ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கடைந்து, அங்கே மத்தைத் தூக்கினோம். தகட்டைத் திருப்பிப் பிடித்து, மறு ஓரத்திலிருந்து கடைந்து வந்து, அதே இடத்தில் முடித்தோம். இரண்டு கோடும் ஒரே ஓட்டையில் சந்தித்தன. ஓரங்கள் இரண்டும் பக்கத் தகட்டின் மடிப்புக்குள் போய்விட்டன. ஓட்டையைப் பெரிதாக்கி, மரை வெட்டிய பித்தளை வளையம் வைத்து, பித்தளைத் திருகுமூடி போட்டோம். எல்லாரும் மிஸ்ஸின் மூளையைப் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். மனசுக்குள், 'கடவுளே, கையைக் கோத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் இப்போது ஒரு ஓட்டையும் ஆச்சு' என்றேன்.

படகு முழுதாகச் சேர்ந்ததும் கசிவுப் பரீட்சை. அடியில் வெளிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டோம். உள்பக்கம் கோடுகளின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினோம். மண்ணெண்ணெய் தண்ணீரை விடப் பொல்லாதது, ஊசிமுனை வழி கிடைத்தாலும் புகுந்து வந்து சுண்ணாம்பில் கறை போட்டுவிடும். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஒரு கறுப்புப் பொட்டு.

"கசியுது! கசியுது!" என்று நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன பஸ் நின்றது. மிஸ் குனிந்து வந்து பொட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மண்ணெண்ணெய்த் துணி என் கையிலேயே இருந்தது. அதே கையால்தான் 'இதோ இங்கே கசியலாம்' என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டியபடி படுத்திருந்தேன்.

கறை வேறெங்கும் இல்லை. படகைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மூடியைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, அப்படியே லொறியில் ஏற்றினோம். "மூடியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அது தொலைந்தால் வேறு இல்லை" என்றார் மிஸ். என்னிடம் இருப்பதிலேயே பத்திரமான இடத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கரையில் பெரிய கூட்டம். கொழுந்தெடுக்கிற பெண்கள், கணக்கப்பிள்ளை, கோயில் பூசாரி, வேடிக்கை பார்க்க வந்த பாதி மஸ்கெலியா. படகோட்டி சூசை அண்ணன் பழைய மரப்படகு காலத்திலிருந்தே அந்தத் தண்ணீரில் துடுப்புப் போட்டவர். புதுப் படகைத் தட்டிப் பார்த்து, "நல்ல சத்தம்" என்றார். எனக்கு அது சவப்பெட்டிச் சத்தமாகக் கேட்டது.

மிஸ் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் கொண்டு வந்திருந்தார். நான் அதைப் போட்டு, அதற்கு மேலே காற்றடித்த லொறி டியூப் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டேன். செல்வி என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எத்தனையாவது மாசங்க? வளையல் வாங்கியாறவா?"

கூட்டத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு அக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

சாமி காரியத்தில் ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று நானே முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தேன். படகின் மூக்குக்குச் சந்தனம், குங்குமம். நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்தேன். சூடம் கொளுத்தினேன். பூசாரி, "போதும்ப்பா, எனக்கும் ஏதாச்சும் விட்டு வை" என்றார். படகைத் தள்ளினார்கள். மிதந்தது. அடியில் காலுக்குப் பலகைத் தட்டி போட்டிருந்ததால் தகடு கண்ணுக்குத் தெரியவில்லை.

முதல் ஆளாகச் செல்வி ஏறினாள். பின்னாலேயே மிஸ். அதற்குப் பிறகு நான் ஏறாமல் இருந்தால் மஸ்கெலியாவில் மீண்டும் மீன் வாங்கக்கூட முடியாது. ஏறினேன்.

சூசை அண்ணன் துடுப்புப் போட்டார். மிஸ் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, கிளாஸில் பிளேன்டீ ஊற்றி, நடுப் பலகையில் வைத்தார். நானும் மிஸ்ஸும் கிளாஸைப் பார்த்தோம். துடுப்பு விழும்போது மட்டும் மெல்ல ஆடியது, மற்ற நேரம் ஆடவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் தேத்தண்ணியை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அதனால்தான் சப்பாத்துக்குள் ஏதோ குளிர்ந்ததை முதலில் கவனிக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். பலகைத் தட்டி மிதந்துகொண்டிருந்தது.

"விட்டுருச்சு!" என்று கத்தினேன். "கடைசல் விட்டுருச்சு! நா அப்பவே நெனச்சேன்! நெருப்பில்லாம ஒட்டாது மிஸ், ஒட்டவே ஒட்டாது! செல்வி, என் கையப் பிடி! இந்த டியூப்ப நீ போட்டுக்க!" டியூப்பைக் கழற்றப் பார்த்தேன். அது லைஃப் ஜாக்கெட்டில் சிக்கிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. "நீ பஸ்ஸுலயே போயிருக்கலாமே புள்ள!"

"ஆடாதீங்கய்யா! நீங்கதான் கவுத்துருவீங்க!" என்று சூசை அண்ணன் அதட்டிவிட்டுப் படகைத் திருப்பினார்.

செல்வி என் கையைப் பிடிக்கவில்லை. பலகைத் தட்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டு, தண்ணீரையே உற்றுப் பார்த்தாள். பிறகு கையை விட்டுத் துழாவினாள். "மிஸ், கோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்க ஒரே எடத்துலருந்துதான் ஊத்துது" என்றாள். சேலைத் தலைப்பை உருட்டி அந்த இடத்தில் அடைத்து, குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஊற்று நின்றது.

மிஸ் அந்த இடத்தைப் பார்த்தார். பிளேன்டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தயவுசெய்து" வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"கோ மூடிய?" என்றார், மெதுவாக. மூடி எங்கே என்று சிங்களத்தில்.

கரைக்கு வந்தோம். தண்ணீரை இறைத்துவிட்டு, படகைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். அன்றே மறுபடி மிதக்கவிட்டார்கள். செல்வி மறுபடி முதல் ஆளாக ஏறினாள். சூசை அண்ணன் அக்கரை போய் வந்தார், தட்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. திங்கட்கிழமை செல்வி வெயில் வந்த பிறகு வேலைக்குக் கிளம்பி, வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். அந்தப் படகு இன்றைக்கும் ஓடுகிறது. நாங்கள் கடைந்த கோடுகளில் ஒன்று கூட இதுவரை விடவில்லை.

அன்றைக்குப் படகுக்குள் வந்த தண்ணீர் அத்தனையும் அந்த வர வேண்டிய ஓட்டை வழியாகத்தான் வந்தது. அதன் பித்தளை மூடி, கோயில் திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிச்சுப் போட்டு, லைஃப் ஜாக்கெட்டுக்கும் லொறி டியூப்புக்கும் உள்ளே, என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.